கொப்பரைக் களத்தில் ஒரு சாவு

காலை ஆறரை மணிக்குக் கதவை உடைத்தார்கள். வெள்ளகோவிலுக்கு வெளியே, கொப்பரைக் களத்தை ஒட்டிய ஒற்றை அறை. உள்தாழ்ப்பாள் போட்டபடி களத்துக்காரர் சென்னகிருஷ்ணன் செத்துக் கிடந்தார். வாயோரம் நுரை. சட்டை கிழிந்திருந்தது.

2020 ஜூன். ஊரடங்கு தளர்ந்ததா இல்லையா என்று யாருக்கும் தெளிவில்லாத நேரம். சாவுக்குக் கூட்டம் கூடக் கூடாதுதான். ஆனால் பழி போட ஒருவர் போதுமே! இறந்தவரின் அண்ணன் செங்கோட்டையன் வந்து சேர்ந்து, சப்-இன்ஸ்பெக்டரிடம் முறையிட்டார்.

"மேடம், தென்னைக்கு வைக்கிற வண்டு மாத்திரையைக் காப்பியில கலந்து குடுத்துப்போட்டாளுங்க இவ. ஊட்டுல டப்பா இருக்குது, பாருங்க. ரெண்டு பேருக்கும் ஓயாத சண்டைங்க."

சுட்டிக்காட்டப்பட்டவள் சென்னகிருஷ்ணனின் மனைவி கோமளா. சுவரோரம் நின்றாள். அழவில்லை. அதுவே அவளுக்கு எதிராகப் போயிற்று.

சப்-இன்ஸ்பெக்டர் லோகப்பிரியா அவசரப்படவில்லை. வண்டு மாத்திரை இல்லாத தோப்புக்காரர் வீடு அந்தப் பக்கம் கிடையாது. அதைத் தின்றிருந்தால் அறையில் பூண்டு வாடை வந்திருக்கும். இங்கே கொப்பரை வாடைதான். காப்பி டம்ளர் ஆடை படிந்து நிறைய இருந்தது. அடைத்த அறையின் புழுக்கத்திலும் மின்விசிறி ஓடவில்லை. சன்னலில் சாக்கு திணித்திருந்தது. தண்ணீர்க்குடம் வாசலுக்கு வெளியே கவிழ்ந்து கிடந்தது.

"காய்ச்சல் இருந்துச்சுங்களா?"

"இல்லீங்க."

"தொண்டை வலி?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"பொய் சொல்லாதீங்க கோமளா. அப்புறம் உங்க மச்சாண்டார் சொல்றதைத்தான் நான் எழுதிக்கணும்."

கோமளா உடைந்துபோனாள். "காய்ச்சல்தானுங்க. எச்சில்கூட முழுங்க முடியலீங்க. கொரோனான்னு பயந்து, எனக்கு ஒட்டக்கூடாதுன்னு நேத்து சாயங்காலம் அவரே தாழ் போட்டுக்கிட்டாருங்க. வெளிய சொன்னா வீதியையே தகரம் வெச்சு அடைச்சுப்போடுவாங்கன்னு மறைச்சுப்போட்டேனுங்க."

லோகப்பிரியா குனிந்து பிணத்தின் கெண்டைக்காலைப் பார்த்தார். ஆறிப்போன பல் தடம்.

"நாயா?"

"ஆமாங்க, ஏப்ரல் மாசத்துலங்க. புரோட்டாக் கடை, கறிக்கடை எல்லாம் சாத்திட்டாங்க. பசியில நாய்க களத்துக்குள்ள பூந்துருச்சுங்க. ஆனா அன்னைக்கே ஆஸ்பத்திரி போய் ஊசி போட்டுட்டு வந்துட்டாருங்க. ரெண்டு நாள் இடது கையைத் தூக்க முடியாம மூட்டைகூட எடுக்கலீங்க."

"வலது கை?"

"அது நல்லாத்தானுங்க இருந்துச்சு."

லோகப்பிரியாவின் முகம் மாறியது. கோமளாவையும் செங்கோட்டையனையும் ஜீப்பில் ஏறச் சொன்னார்.

அவர் ஊசி போட்டுக்கொண்ட பக்கத்து ஊர் சுகாதார நிலையம். நர்ஸ் விமலாராணி எழுந்து நின்றார்.

"நாய்க்கடி ஊசி எங்க போடுவீங்க சிஸ்டர்?"

"ரெண்டு கையிலயும் மேடம். தோலுக்குள்ள, ஒவ்வொரு துளி."

"கையைத் தூக்க முடியாம வலிக்குமா?"

"அவ்வளவு வலிக்காதுங்க. ரணஜன்னிக்கு டி.டி. போட்டாத்தான்..." சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. அப்படியே உட்கார்ந்தார்.

"நாய்க்கடி மருந்து ஒரு பாட்டிலை உடைச்சா நாலஞ்சு பேருக்குப் போடலாமுங்க. அன்னைக்கே தீர்த்தாகணும். மிச்சத்தைக் கொட்டினா மேல கேள்வி. எப்பவும் நாலு பேர் சேர்ந்துருவாங்க. அப்ப பஸ்ஸே இல்லீங்க, அவரு ஒருத்தர்தான் வந்தாரு. டி.டி.யை மட்டும் போட்டு, நாளைக்கு வாங்க, ஆள் சேரட்டும்னு அனுப்பிச்சேன்."

"மறுநாளும் கிளம்பினாருங்க," என்றாள் கோமளா. "ரோட்டுல போலீஸ் திருப்பி அனுப்பிச்சாங்க. அதான் ஊசி போட்டாச்சேன்னு விட்டுட்டாருங்க."

லோகப்பிரியா செங்கோட்டையன் பக்கம் திரும்பினார். "உங்க தம்பியை யாரும் விஷம் வெச்சுக் கொல்லலீங்க. தண்ணியைக் கண்டா பயம், குடத்தைத் தள்ளிட்டாரு. காத்து பட்டாத் துடிப்பு, விசிறியை நிறுத்தி சாக்கை அடைச்சாரு. வெறிநாய்க்கடி. போஸ்ட்மார்ட்டத்துல உறுதியாகும். ஊசி போட்டாச்சுன்னு எல்லாரும் நம்பினீங்க. வலிச்சது ஒரே கைங்கறதை யாரும் யோசிக்கலை. குத்தவாளி யாருன்னு கேட்டீங்கன்னா, ஆள் சேரட்டும்னு காத்திருந்த வழக்கம் ஒண்ணு. விசாரிக்காமத் திருப்பி அனுப்பின எங்க ஆளுக இன்னொண்ணு."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். செங்கோட்டையன் தலை நிமிரவில்லை. லோகப்பிரியாவுக்குத் தன் காக்கிச் சட்டையே உறுத்தியது.

அப்போதுதான் கோமளாவின் விரல்களைக் கவனித்தார். தேங்காய் தோண்டும் கத்தி கீறிய புதுக் காயங்கள்.

"தாழ் போடறதுக்கு முன்னாடி அவரு எச்சிலைத் துடைச்சீங்களா?"

"பின்னே யாருங்க துடைப்பாங்க?"

விமலாராணி பதறி எழுந்தார். அவள் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார். "பெரியாஸ்பத்திரிக்கும் போகணும் அம்மணி. முதல்ல ஊசி." குளிர்பெட்டியைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்து, யாரையும் கேட்காமல் உடைத்தார்.

ஊசி போட்டு முடிந்தது. பாட்டிலில் முக்கால்வாசி மருந்து அப்படியே இருந்தது.

"மிச்சத்தை என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டாள் கோமளா.

"வேற ஆள் வரலைன்னா கொட்டிருவோம் அம்மணி."

கோமளா பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கும் கொட்டியிருக்கலாமுங்க," என்றாள்.