சந்தோஷத்தின் அறிகுறிகள்

ஐம்பதைத் தாண்டிய எல்லாருடைய தோள்பட்டைக்குக் கீழேயும் நகத்தளவில் ஓர் அலைகாப்பான் இருந்தது. திடீரென்று இதயம் நின்று சாவது குமரிக் கரையில் அநேகமாக ஒழிந்தேபோயிற்று.

அந்தக் கருவியைக் கண்டுபிடித்த டாக்டர் எஸ்தர் பொன்னுலிங்கம் தன் ஆய்வு வாழ்க்கை முழுவதையும் கால்சியத்துக்கே கொடுத்தவர். ஒவ்வொரு துடிப்புக்கும் இதயச் செல்லுக்குள் இருக்கும் கிடங்கிலிருந்து கால்சியம் வெளியே பாயும், பிறகு உள்ளே திரும்பும். நோயுற்ற இதயத்தில் கிடங்கின் கதவு ஒழுகும், தாளம் கெடும். அலைகாப்பான் அந்த ஒழுக்கைக் கண்டதும் கதவை இறுக்கிவிடும்.

அதை முதலில் பொருத்திக்கொண்ட மீனவர் மைக்கேல்தாஸ் ஒருநாள் ஆய்வகத்துக்கு வந்தார்.

"டாக்டரம்மா, இதக் கழத்திருங்க."

"கழத்தினா உயிருக்கு ஆபத்து அண்ணாச்சி. என்ன ஆச்சு?"

"எனக்க மவ ஜினி கால்பந்துல கோல் அடிச்சா. ஊரே துள்ளுது. எனக்க நெஞ்சு மட்டும் சும்மா கெடக்கு. ஓடிவந்து கட்டிப்பிடிச்சிட்டு, 'சந்தோஷம் இல்லியாப்பா'ன்னு கேக்கா. என்னத்தச் சொல்ல?"

எஸ்தர் அவருடைய கருவியின் பதிவை ஓட்டிப் பார்த்தார். கோல் விழுந்த நொடியில் கால்சியம் பொங்கியிருந்தது. அதையும் ஒழுக்கென்று நினைத்து அலைகாப்பான் அடக்கியிருந்தது. எஸ்தரின் தோளுக்குக் கீழேயும் ஓர் அலைகாப்பான் இருந்தது. தனக்குப் பெரிய விருது அறிவிக்கப்பட்டபோது அவர் நிதானமாக டீயைக் குடித்து முடித்தார். அதை வயதின் பக்குவம் என்று நினைத்திருந்தார்.

மறுபடி வேலையில் இறங்கினார். ஒழுகும் கால்சியம் அங்கங்கே தாறுமாறாகச் சிதறும். மகிழ்ச்சியில் எல்லாச் செல்லிலும் துடிப்போடு சேர்ந்தே பொங்கும். அந்த வேறுபாட்டைக் கருவிக்குக் கற்றுக்கொடுத்தார். கருவி தவறாகக் கணித்தால் உயிர் போகும். "முதல்ல எனக்குப் போட்டுப் பாருங்க" என்றார் மைக்கேல்தாஸ்.

அரையிறுதி நடந்த மைதானத்தில் ஆம்புலன்ஸ் தயாராக நின்றது. ஜினி கோல் அடித்தாள். மைக்கேல்தாஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எஸ்தர் ஓடினார்.

"ஒண்ணுமில்ல டாக்டரம்மா," என்றார் அவர், சிரிப்பும் கண்ணீருமாக. "அடிக்கி. நல்லா அடிக்கி."

புதிய நிரல் எல்லாருடைய கருவிக்கும் போயிற்று. இறுதியாட்டத்தன்று மருத்துவமனையின் அவசரப் பிரிவு நிரம்பி வழிந்தது. எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். எல்லாருக்கும் ஒரே புகார்: நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, கண் கலங்குகிறது. இத்தனை வருடத்தில் அது எப்படி இருக்குமென்றே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது.

எஸ்தர் கட்டில் கட்டிலாகப் போனார். "நோய் இல்ல. சந்தோஷம்தான். போய் மிச்ச ஆட்டத்தப் பாருங்க."

எல்லாரும் வெட்கத்தோடு எழுந்து போனார்கள். கடைசிக் கட்டில் காலியானபோது நர்ஸ் எட்டிப் பார்த்து, "ஜினி டீம் ஜெயிச்சாச்சு டாக்டர்" என்றாள்.

எஸ்தரின் நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கியது. அது என்னவென்று உலகத்தில் வேறு யாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் மெல்லக் கட்டிலில் ஏறிப் படுத்தார்.

"எதுக்கும் எனக்கு ஒரு ஈசிஜி எடுத்துப் பாரும்மா," என்றார்.