கட்டிப்போட்ட படகின் பயணம்

நவம்பர் பிறந்துவிட்டால் தூபாவா துறையில் வெயில்கால விருந்தாளிகள் ஒருவரும் மிஞ்சுவதில்லை. முப்பது வீடுகளில் பதினொன்றில்தான் புகை எழும். அதில் ஒன்று யெரோ மாமாவுடையது. கரையோர வானொலி நிலையத்தில் முப்பது வருடம் கப்பல்களோடு பேசிப் பேசியே காலம் தள்ளியவர். ஓய்வு பெற்ற பிறகு அவர் பேசுவதற்கு அடுப்பும் சுவரும்தான் இருந்தன. யாராவது பழுது என்று வந்து நின்றால் அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம், ஆனால் காட்டிக்கொள்ள மாட்டார்.

அந்த வியாழக்கிழமை மதியம் மீனவர் லூக்கா வந்தபோது, தபால்காரி ஊர்ஷாவும் அங்கே இருந்தாள். நகரத்திலிருந்து மதியக் கப்பல் கொண்டுவரும் பேப்பரை யெரோவிடம் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து போவது அவள் வழக்கம். மர்மம் என்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

"மாமா, என் படகு துறையிலதான் கட்டிக் கிடக்கு. ஆனா ஜிபிஎஸ் பெட்டி அது இந்தியாவுக்குப் பக்கத்துல நிக்குதுங்குது," என்றார் லூக்கா.

ஊர்ஷா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். லூக்கா விவரத்தைச் சொன்னார். படகு அவருக்கும் அண்ணன் டிங்கோவுக்கும் பொது. திரையைக் கையாள்வதெல்லாம் அண்ணன்தான். லூக்காவுக்குப் பொத்தானை அழுத்தி உயிர் கொடுக்க மட்டும் தெரியும். இந்த வருடம் அண்ணனுக்கு முழங்கால் போய்விட்டது. சாயங்காலம் துறை வரை காலாற நடப்பதோடு சரி, கடலுக்கு வருவதில்லை. லூக்காவும், போஸ்னியாவிலிருந்து வேலைக்கு வந்த முரிஸும்தான் போகிறார்கள். இருபது நாளாகக் காலையில் திரையைப் போட்டால் எங்கோ ஒரு கடல் தெரிகிறது. முதலில் சூயஸ், பிறகு செங்கடல், இப்போது இந்தியாவின் கீழ்க்கோடி. மூடுபனியில் பாறை எது, வழி எது என்று தெரியாமல் இரண்டு தடவை பாதியில் திரும்பிவிட்டார்கள். நகரத்து மெக்கானிக் வந்து ஆண்டெனாவை மாற்றினார், கம்பியை மாற்றினார், கடல்வரைபட அட்டையையும் மாற்றினார். ஒன்றும் பலிக்கவில்லை. வலியில் கிடக்கும் அண்ணனை இதையும் சொல்லி நோகடிக்க வேண்டாம் என்று லூக்கா மறைத்துவிட்டார். மெக்கானிக், திரையின் அடியில் தெரியும் எண்களைத் தினமும் எழுதி வைக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"காலையில பேட்டரியும் பாதி செத்துக் கிடக்கு. திரையில எழுத்தெல்லாம் வேற பூதாகாரமா ஆயிடுச்சு. இது முரிஸ் வேலைதான் மாமா. சாவி எங்க மூணு பேர்கிட்ட மட்டும்தான் இருக்கு. சனிக்கிழமைக் கப்பல்ல கிளம்புன்னு சொல்லிட்டேன். மறுபேச்சு பேசல, சரின்னுட்டான். குத்தமில்லாதவன் அப்படிச் சொல்லுவானா?"

யெரோ கோட்டை மாட்டிக்கொண்டு அவர்களோடு துறைக்குப் போனார். படகில் பெட்டிக்கு உயிர் கொடுத்ததும் நீலத் திரையில் ஒரு கரையும் அதன் எதிரே ஒரு கூட்டல் குறியும் தெரிந்தன. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஊர்ஷாவிடம் திரையில் என்ன இல்லை என்று கேட்டார். அவள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, குட்டிப் படகுப் படம் இல்லை என்றாள்.

யெரோ ஓரத்தில் இருந்த ஒரு பொத்தானை அழுத்தினார். திரை ஒரு தடவை குதித்தது. தூபாவா துறை தெரிந்தது, அதன் நடுவில் குட்டிப் படகும் தெரிந்தது.

"பெட்டிக்கு ஒரு நோவும் இல்ல லூக்கா. இந்தக் கூட்டல் குறியை நகர்த்தினா வரைபடம் அது பின்னாலயே போகும். அப்படியே அணைச்சா மறுநாள் அதே இடத்துலதான் திறக்கும். நீ எழுதி வச்சதெல்லாம் குறி நிக்கிற இடம், படகு நிக்கிற இடம் இல்ல. நகர்த்தத் தெரிஞ்சவங்க திரும்பக் கொண்டுவர இந்தப் பொத்தானை அழுத்துவாங்க. இது உனக்குத் தெரியாது."

அப்படியானால் யாரோ தினமும் நகர்த்துகிறார்கள் என்று லூக்காவுக்குக் கோபம் இன்னும் ஏறியது. யெரோ அவருடைய நோட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் பழைய உலக வரைபடத்தை விரித்து, இருபது இடங்களையும் பென்சிலால் குறித்தார். முரிஸ் கடத்தல்காரர்களுக்கு இடம் குறித்துக் கொடுக்கிறான் என்பது ஊர்ஷாவின் கட்சி. நீ கடிதங்களைப் பிரித்துப் படிக்காமல் இருப்பதே பெரிய காரியம் என்று யெரோ அவளைச் சீண்டினார். ஆனால் புள்ளிகள் ஏறஏற அவர் முகத்தில் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது.

"ஒண்ணுகூட தரையில விழல பாரு. கடைசி அஞ்சு நாள் ஒரே இடம். அதுக்கு முன்னாடி ஒரு நாளைக்கு முன்னூறு மைல், கொஞ்சம் முன்னே பின்னே. சரக்குக் கப்பல் போற வேகம் இது. ஆனா ஒவ்வொரு திங்கக்கிழமை காலையிலயும் குறி பழைய இடத்துலயே நிக்குது, செவ்வாய்க்கிழமை ரெண்டு நாள் தூரம் தாவுது. நடுவுல ஒரு புதன்கிழமையும் அப்படித்தான் நின்னிருக்கு. அதுக்கு முந்தின நாள் இங்க என்ன நடந்தது?"

"வடகாத்து அடிச்சு மதியக் கப்பல் வரல. பேப்பரும் வரல, தபாலும் வரல." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "ஞாயித்துக்கிழமையும் பேப்பர் கிடையாது."

இந்தக் கரையில் பேப்பரின் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்காத குடும்பம் இல்லை. எந்தக் கப்பல் முந்தின நாள் மதியம் எந்தக் கடலில் இருந்தது என்ற பட்டியல் அங்கேதான் இருக்கும். மகனையோ புருஷனையோ கப்பலுக்கு அனுப்பியவர்கள் அதை விரல் வைத்துப் படிப்பார்கள். யெரோ அடுப்பெரிக்க வைத்திருந்த பேப்பர்களை எடுத்து வந்தார். முந்தின நாள் பேப்பரோடு வைத்துப் பார்த்தால் இருபது புள்ளிகளும் ஒரே கப்பலோடு பொருந்தின. பெயர் 'லெவாந்தா'. கடைசி ஐந்து நாளாக அது இந்தியாவில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே அசையாமல் நின்றது. தூத்துக்குடி என்ற அந்தப் பெயர் ஊர்ஷாவின் வாயில் நுழையவில்லை.

அந்தக் கப்பலில் வேலை செய்பவன் யார் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே யெரோ எல்லோரையும் படகின் சிறு அறைக்குள் கூட்டினார். டிங்கோ முழங்காலைப் பிடித்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்தார். முரிஸ் பையைக் கட்டி முடித்துவிட்டு வந்து கதவோரம் நின்றான். யெரோ புள்ளிகளையும் பேப்பரையும் பற்றிச் சொன்னார், கப்பலின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

"எழுத்தைப் பெருசாக்கினவங்களுக்குக் கண்ணு மங்கல். முரிஸுக்கு முப்பது வயசு, கல்லுக்குள்ள இருக்கிற நண்டையே பார்த்துடுவான். இந்தத் திரையில உலகத்தையே நகர்த்தத் தெரிஞ்சவங்க, மறுநாள் காலையில உனக்குக் குழப்பம் வரும்னு நினைக்கல. ஏன்னா அவங்க நினைப்பு இங்க இல்ல. தினமும் ஒரு மணி நேரம் இந்த இருட்டுல உட்கார்ந்து அந்தப் புள்ளியையே பார்த்துட்டு இருந்திருக்காங்க. பேட்டரி செத்தது அதனாலதான். இதுக்கு மேல நான் சொல்லணுமா?"

முரிஸ் தரையைப் பார்த்தான்.

"நான்தான்," என்றார் டிங்கோ.

லூக்கா நம்பாமல் பார்த்தார். ஆறு வருடத்துக்கு முன் மகன் தோமா இந்தப் படகு வேண்டாம் என்று சரக்குக் கப்பலுக்குப் போனபோது, எனக்கு மகனே கிடையாது என்று ஊர் கேட்கக் கத்தியவர் இந்த டிங்கோ. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவன் பெயரை எடுக்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

டிங்கோ முரிஸைப் பார்த்துக் கேட்டார். "நீ என்னை இங்க பார்த்தியே. ஏன் சொல்லல?"

"நீங்க அழுதுட்டு இருந்தீங்க அண்ணா. அதைப் போய் எப்படிச் சொல்றது?"

லூக்காவால் முரிஸின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பையைப் பிரித்துவிடச் சொன்னார், விடிவதற்குள் வலை இறக்க வேண்டும் என்றார். மன்னிப்புக் கேட்க அவருக்கு அதைவிட நல்ல வழி தெரியவில்லை.

டிங்கோ திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "அஞ்சு நாளா அசையல. என்ன ஆச்சுன்னு யாரைக் கேக்குறது? கேக்க எனக்கு யாரு இருக்கா?"

"நான் இல்லையா?" என்றார் லூக்கா. "ஞாயித்துக்கிழமை தவறாம எனக்குப் போன் பண்றான். எந்தத் துறைமுகம்னு நான் கேட்டுக்கல, உள்ள இடம் இல்லாம நங்கூரம் போட்டு வரிசையில நிக்கிறாங்களாம், வேற ஒண்ணும் இல்ல. ஒவ்வொரு தடவையும் அப்பா எப்படி இருக்கார்னுதான் முதல்ல கேப்பான். நல்லா இருக்கார்னு ஆறு வருஷமா பொய் சொல்லிட்டு இருக்கேன்."

கப்பல் கரைக்குப் பக்கத்தில் நின்றதால் தோமாவின் கைபேசிக்கு அங்கே சிக்னல் கிடைத்தது. லூக்கா எண்ணை அழுத்தி அண்ணன் கையில் திணித்தார். சித்தப்பா, சித்தப்பா என்று தூரத்துக் குரல் இரண்டு தடவை கூப்பிட்டது. டிங்கோவின் வாய் திறந்து திறந்து மூடியது.

"நங்கூரச் சங்கிலி எத்தனை மீட்டர் விட்டிருக்கீங்க?" என்று கடைசியில் கேட்டார்.

"நூத்தி இருபதுப்பா," என்றான் தோமா.

"பத்தாது," என்றார் டிங்கோ. கண்ணீர் தாடைக்கு வந்துவிட்டது, துடைக்கவில்லை. "காத்து மாறினா இழுத்துடும். இன்னும் கொஞ்சம் விடச் சொல்லு உங்க கேப்டன்கிட்ட."