முலாம் பட்டறைக் கிணறு

பரந்தனில் வயலை ஒட்டி நின்ற அந்தப் பழைய வீட்டுக்குச் சுற்றாடல் அதிகாரி யதுர்ஷிகா போனபோது மழை சற்று விட்டிருந்தது. வீட்டின் முன்பாதிதான் பட்டறை. மோட்டார் சைக்கிள் உதிரிகளுக்குக் குரோமிய முலாம் பூசும் தொட்டிகளிலிருந்து வந்த நெடி தொண்டையில் ஒட்டியது.

உரிமையாளன் றொனால்ட் அவளைக் கழிவுநீர் விழும் வீதியோரப் பொதுக்கானடிக்குக் கூட்டிப்போனான்.

“போனமுறை அளவு கூடிப்போச்செண்டு பட்டறைக்குச் சீல் வைக்க நிண்டியள் மிஸ். இப்ப இதில முகமே கழுவலாம்.”

“முதல் நீங்கள் கழுவுங்கோ பாப்பம்.”

அவன் சிரித்தான். கழுவவில்லை.

சோதனையில் உலோகம் அனுமதித்த அளவுக்குக் கீழேதான் இருந்தது. ஆனால் கான் நிரம்பி ஓடியது. வீட்டின் பின்னால் கிணற்று மோட்டர் இரைந்துகொண்டிருந்தது.

“தண்ணி கலந்து விடுறியளோ?”

“கலந்தாலும் அளவு சரிதானே?”

“கலக்கிறதே குற்றம். அதே நஞ்சு முழுக்க வெளியில போகுது.”

“வெளியிலதானே போகுது மிஸ்.”

அவள் கான்மூடியை நகர்த்தினாள்.

அடியில் ஒரு தவளை. கண்ணிமை வரை வெள்ளியாய் மின்னியது.

அதன் தொண்டை ஏறி இறங்கியது.

“ஆர் பூசினது?” அவள் குரல் தணிந்தது.

“ஆண்டவராணை, நானில்லை.”

தவளை கான்சுவரின் வெடிப்புக்குள் பாய்ந்தது. அவள் ஃபோன் வெளிச்சத்தைப் பிடித்தாள். தண்ணீரில் பாதி வீதிப்பக்கம் போகவில்லை. வெடிப்புக்குள் இறங்கி, வீட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

“மோட்டரை நிப்பாட்டுங்கோ! நீங்கள் இறைக்க இறைக்கக் கிணறு இதைத்தான் உள்ள இழுக்குது. ஆர் அதைக் குடிக்கிறது?”

றொனால்ட் ஓடிப்போய் நிறுத்தினான். பிறகு அடுப்படி வாசலைப் பார்த்தபடி அப்படியே நின்றான்.

அங்கே அவன் மனைவி டிலுசா நிறைமாத வயிற்றோடு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாள்.

“குடிக்காதைங்கோ!” யதுர்ஷிகா கத்தினாள்.

டிலுசா கடைசிச் சொட்டையும் விழுங்கிவிட்டு வாயைத் துடைத்தாள்.

“எவ்வளவு குடிச்சாலும் தாகம் அடங்குதில்லை மிஸ். குடிச்சாத்தான் பிள்ளையும் அசையுது.” குரலை இறக்கினாள். “இவர் நம்புறாரில்லை. நீங்கள் பாருங்கோ.”

யதுர்ஷிகாவின் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள்.

துணிக்குக் கீழே உடம்பின் சூடு இல்லை.

மோட்டர் ஓய்ந்த வளவில் இலையிலிருந்து சொட்டும் நீர்கூடக் கேட்டது.

பிள்ளை உதைத்தது.

ணங்.