இன்னும் ஒரு அமுக்கு

திரையில் வண்டி எதுவும் இல்லாத நேரத்தில் பின்வரிசையில் யாரோ பொத்தானை அமுக்கினார்கள்.

டக்டக். கொஞ்சம் இடைவெளி. டக்.

தொகாஷி திரும்பிப் பார்க்கவில்லை. பழைய பொத்தான்கள், குளிர் ஏறினால் உள்ளே இருக்கும் சுருள்கம்பி தானாகவே உதறிக்கொள்ளும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முப்பது வருடப் பழைய கார் வியாபாரத்தில் வண்டிகளைப் பற்றிப் பிறருக்குச் சொன்ன சமாதானங்களில் பாதி இந்த ரகம்தான். அவற்றை நம்புகிற முதல் ஆளாகத் தானே இருக்க நேரும் என்று அவர் நினைத்ததில்லை.

சினிமாக் கொட்டகை மாதிரி படிப்படியாக இறங்கும் கார் ஏல மண்டபம் அது. ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னும் ஒரு சின்னத் திரை, ஒரு கைப்பிடி, அதன் உச்சியில் கட்டைவிரல்கள் தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பாகிப்போன ஒரு பொத்தான். ஒரு அமுக்குக்கு விலை மூவாயிரம் யென் ஏறும். யாரும் அமுக்காமல் ஒரு பெருமூச்சு நேரம் கடந்தால், கடைசியாக அமுக்கியவர் தலையில் வண்டி விழும். இப்போதெல்லாம் வியாபாரிகள் கடையில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரில் வாங்கிவிடுகிறார்கள். மண்டபத்துக்கு நேரில் வருகிறவர்கள் இரண்டே ரகம்: மதியம் இலவசமாகப் போடும் குழம்புச் சோற்றுக்கு வருகிறவர்கள், வீட்டில் இருக்க முடியாதவர்கள். இந்த இரண்டு வருடமாகத் தொகாஷி இரண்டிலும் சேர்த்தி.

வெளியே பனியும் மழையும் கலந்து தகரக் கூரையில் அரிசி கொட்டுவதுபோல விழுந்துகொண்டிருந்தது. ஈரக் கோட்டு வாசனை, ஆறிப்போன டப்பா காபி வாசனை, வண்டிகளின் சக்கரங்களுக்குப் பூசிய கறுப்பு மெருகின் இனித்த நெடி. அந்தி இருட்டு கண்ணாடிக் கதவுவரை வந்து நின்றிருந்தது.

"என்ன தொகாஷி அண்ணே, இன்னும் கெளம்பலையா?" பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான் நுமாத்தா. பக்கத்து ஊர்க் கடைக்காரன், கூட்டாளி, வாய் ஓயாதவன். "சோறும் தீந்துபோச்சு, தொட்டுக்க ஊறுகாயும் தீந்துபோச்சு. இனிமே இங்க வண்டிதான் இருக்கு. அதுக்காகவா உக்காந்திருப்பாங்க?"

"ஒண்ணு பாக்க வேண்டியிருக்கு."

"பாருங்க, பாருங்க. பல் டாக்டரு ஞாயித்துக்கெழமை மட்டும் ஓட்டின வண்டியா வரும்." நுமாத்தா சிரித்தான். "வண்டியை விக்கறதுக்காக நானே இதுவரைக்கும் முப்பது பல் டாக்டரை உண்டாக்கியிருக்கேன். இந்த மாநிலத்துல அத்தனை பல்லு கிடையாது."

தொகாஷி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் மைதானத்தில், வரிசைவரிசையாக நின்ற வேகக் கார்களுக்கு நடுவே அதைப் பார்த்துவிட்டிருந்தார். வெளிர்நீலம். இரண்டே கதவு. முன்பகுதி முழுக்கப் புதிதாகப் பொருத்தி, புதிதாகச் சாயம் அடித்து, ஒன்றுமே தெரியாத பிள்ளைபோல நின்றது. அவர் குனிந்து முன்கண்ணாடிக்கு அடியில் பொறித்திருந்த வண்டி எண்ணைப் படித்தார். மகளின் பிறந்தநாளை வருடந்தோறும் மனைவி ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. இந்த எண்ணை யாரும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

ஷிஹோ செத்துப்போன வண்டி.

நொறுங்கிய இரும்பாக அதைக் கைகழுவிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தவர் அவர். யாரோ வாங்கி, யாரோ ஒட்டி, யாரோ மெருகேற்றி, திரும்பவும் ஏலத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்த சீட்டில் பரிசோதகர் தன் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'முன்பகுதி பழுதுபார்க்கப்பட்டது. உட்புறம் நல்ல நிலை.'

உட்புறம் நல்ல நிலை. தொகாஷி அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் முடிவு செய்தார். இன்றைக்கு அதை வாங்க வேண்டும். வாங்கி, நேரே நசுக்கும் ஆலைக்கு ஓட்டிப்போய், தன் கண் முன்னால் பெட்டி அளவுக்கு நசுக்கச் சொல்ல வேண்டும். அந்த இருக்கையில் இனி யாரும் உட்காரக் கூடாது. அவ்வளவுதான். வேறு ஒன்றும் வேண்டாம்.

டக்டக். இடைவெளி. டக்.

"நுமாத்தா, பின்னாடி யாரு?"

நுமாத்தா கழுத்தை வளைத்துப் பார்த்தான். "யாருமில்லையே. எல்லாரும் பனி இறுகறதுக்கு முன்னாடி ஓடிட்டாங்க. நானும் போய் வண்டியைச் சூடு பண்றேன். அஞ்சே நிமிஷம்."

அவன் போன பிறகு மண்டபம் பெரிதாகிவிட்டது.

அந்தத் தாளம் தொகாஷிக்குத் தெரியும். அமுக்குவதில் ஆளாளுக்கு ஒரு கை உண்டு. சிலர் கொத்துவார்கள், சிலர் அழுத்திப் பிடித்துக்கொள்வார்கள். ஷிஹோவின் கை இரட்டைத் தட்டு. அப்புறம், யோசிக்கிற மாதிரி ஓர் ஓய்வு. அப்புறம் ஒன்றே ஒன்று. அந்த ஓய்வில்தான் எதிராளி ஏமாறுவான். 'விட்டுவிட்டாள், வண்டி எனக்குத்தான்' என்று மனசுக்குள் வீட்டுக்கு ஓட்டிப்போகத் தொடங்கியிருப்பான். அப்போது அந்த ஒற்றைத் தட்டு விழும். மனசுக்குள் வீட்டுக்குப் போய்விட்ட வண்டியை யாரும் விட்டுக்கொடுப்பதில்லை.

அதுதான் அவர்கள் தொழில். தொகாஷி தன் வண்டிகளை விற்க விடுவார். மேடைக்குப் பக்கத்தில், விற்பவர் உட்காரும் கண்ணாடி அறையில் கம்பீரமாக உட்காருவார். ஷிஹோ நுமாத்தாவிடம் இரவல் வாங்கிய உறுப்பினர் அட்டையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்து, அப்பாவின் வண்டிக்கே விலை ஏற்றுவாள். "மண்டபத்துக்குள்ள நீ யாரோ, நான் யாரோ" என்பது ஒப்பந்தம். கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. ஏலச் சங்கத் தலைவர் வாரந்தோறும் ஒலிபெருக்கியில் 'நம்பிக்கையே நம் மூலதனம்' என்று உருகுவார். அப்போது கண்ணாடி அறையில் இருப்பவரும் கடைசி வரிசையில் இருப்பவளும் ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்குவார்கள்.

சைகை ஒன்றே ஒன்று. அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால், இன்னும் ஒரு அமுக்கு.

அன்றைக்கும் இதே பனிமழை. இதே நீல வண்டி. முன்னால் எவனோ ஒருவன் வண்டியின் மதிப்பையெல்லாம் தாண்டி ஏறிக்கொண்டே போனான். போதும் என்று ஷிஹோ தலையை அசைத்தாள். மனிதர்களின் எல்லை அவளுக்குத் தெரியும். அது அவள் வரம். தொகாஷி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் மறுபடி அசைத்தாள். அவர் மறுபடி துடைத்தார். அவள் அமுக்கினாள். அந்த ஆள் நின்றுவிட்டான். சொந்த வண்டி சொந்தத் தலையிலேயே விழுந்தது.

"பாத்தீங்களாப்பா? நான் சொன்னேன்ல?" என்றாள் வெளியே வந்து. கோபம்கூட இல்லை. ஏற்றிச்செல்லும் லாரிக்கு எதற்குத் தண்டம் என்று அவர்தான் அவளையே ஓட்டிவரச் சொன்னார். தோனே ஆற்றங்கரைச் சாலையில், கண்ணாடிபோல உறைந்த வளைவில், எதிரே மண் லாரி.

சாவுக்குச் சங்கத் தலைவர் ஆள் உயர மலர்வளையம் அனுப்பி, 'நம் குடும்பத்து மகள்' என்று பேசினார். எல்லோரும் விதி என்றார்கள். தொகாஷியும் குனிந்து குனிந்து, ஆமாம், விதி என்றார். அவள் தலை அசைத்ததை யாரிடமும் சொல்லவில்லை. மனைவி யசுயோவிடமும். அவள் தினமும் காலையில் மகளின் படத்துக்கு முன்னால் சோறு வைக்கும்போது அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்.

மேடைத் திரை ஒளிர்ந்தது. வெளிர்நீலம்.

அவர் கட்டைவிரல் பொத்தானில் இருந்தது. அமுக்கினார். விலை ஏறியது. அடிபட்ட வண்டி, யாருக்கு வேண்டும்? ஒரு பெருமூச்சு நேரம்தான்.

டக்டக்.

விலை இரண்டு படி ஏறியது. அவர் அமுக்கினார். ஓய்வு. திரையில் எண்கள் அசையாமல் நின்றன. விட்டுவிட்டார்கள், நமக்குத்தான் என்று நெஞ்சு லேசாகிற அந்தக் கணத்தில்,

டக்.

கம்ப்யூட்டரில் எவனோ. துபாய்க்காரனாக இருக்கும், பணத்தைத் தண்ணீராக இறைப்பவன். ஆனால் கம்ப்யூட்டரில் அமுக்குகிறவனின் விரல் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்காது. இந்தச் சத்தம் கேட்டது. அதோடு ஒரு மெல்லிய வாசனையும் வந்தது: சூடான பால் தேநீர் டப்பாவைத் திறந்த வாசனை. அவள் எப்போதும் அதைத்தான் குடிப்பாள்.

அவர் அமுக்கிக்கொண்டே திரும்பினார்.

கடைசி வரிசை. ஓரம். பழுப்பு நிறக் குளிர்ச்சட்டை, காதுக்கு மேல் ஒரு கிளிப், மேசைமேல் ஆவி பறக்கும் டப்பா. உடம்பில் காயம் இல்லை, ரத்தம் இல்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் அவரால் கத்தியிருக்க முடியும். வெறும் ஷிஹோ. ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை ஷிஹோ. கொஞ்சம் தூக்கக் கலக்கம்.

"ஷிஹோ."

அவள் திரும்பவில்லை. திரும்பமாட்டாள். மண்டபத்துக்குள் நீ யாரோ, நான் யாரோ. அவள் கண்ணில் அவர் முன்வரிசையில் குனிந்திருக்கும் ஒரு பிடரி. விலை ஏற்ற வேண்டிய ஓர் ஆள்.

"ஷிஹோ, அப்பா கூப்பிடறேம்மா. இங்க பாரு. அமுக்காதே."

டக்டக்.

அவள் பார்வை அவரைத் தாண்டி, மேடைப் பக்கம் போயிருந்தது. யாரையோ பார்த்துத் தலையை அசைத்தாள். போதும் என்று. கெஞ்சுவது மாதிரி, லேசாக.

தொகாஷி மெல்ல, மிக மெல்ல, மேடைக்குத் திரும்பினார்.

கண்ணாடி அறையில் விளக்கு எரிந்தது. உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். நல்ல கோட்டு. நன்றாக வாரிய தலை. துக்கம் இன்னும் வந்துசேராத, கொழுகொழுவென்ற முகம்.

அவருடைய முகம்.

அவன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

டக்.

இப்போது புரிந்தது.  அவர் நிறுத்தினால் வண்டி அவள் தலையில் விழும். விழுந்தால் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். ஆற்றங்கரைச் சாலை. வளைவு.

அமுக்கினார்.

வண்டியின் விலை தாண்டியது. கடையின் விலை. வீட்டின் விலை. இருக்கட்டும். அமுக்கினார். நசுக்கும் ஆலையெல்லாம் மறந்துபோயிற்று. அவள் உட்கார்ந்திருக்கிறாள். தேநீர் ஆறவில்லை. அவர் அமுக்குகிறவரை அவள் அந்த நாற்காலியிலேயே இருப்பாள்.

டக்டக். அமுக்கினார். டக். அமுக்கினார்.

"அண்ணே!" எங்கோ தூரத்தில் நுமாத்தாவின் குரல். "அண்ணே, என்ன பண்றீங்க? தெரையெல்லாம் அணைச்சு எவ்வளவு நேரமாச்சு! யாரோட போட்டி போடறீங்க? கையை எடுங்கண்ணே, விரல்ல ரத்தம் வருது பாருங்க!"

"தொடாதேடா."

"அண்ணிக்குப் போன் பண்றேன், இருங்க..."

"தொடாதே. நான் நிறுத்தினா அவ கெளம்பிடுவா."

நுமாத்தாவின் காலடிகள் படிகளில் தடுமாறி ஓடின. அவர் கவனிக்கவில்லை. கட்டைவிரல் மரத்துப்போய்க்கொண்டிருந்தது. இடது கையால் வலது கையைப் பிடித்து அழுத்தினார்.

ஒரு கேள்வி வந்தது. வராமல் இருந்திருக்கலாம். அன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்து, மதிப்பையெல்லாம் தாண்டி ஏறிக்கொண்டே போன அந்த ஆள் யார்? கண்ணாடி அறையிலிருந்து பார்த்தபோது ஒரு குனிந்த பிடரி மட்டும்தான் தெரிந்தது. முகத்தைப் பார்க்க அவர் மெனக்கெடவில்லை. அவன் ஒருமுறை திரும்பி, பின்வரிசையைப் பார்த்து ஏதோ கத்தினான். பைத்தியம் என்று நினைத்துக்கொண்டார்.

அந்தப் பைத்தியம் கடைசியில் நிறுத்திவிட்டான்.

கை நழுவியிருக்கும்.

"போதும்!" தொகாஷி கண்ணாடி அறையைப் பார்த்துக் கத்தினார். "போதும்டா! அவ வேண்டாங்கறா, உனக்குத் தெரியலையா? பாருடா அவளை!"

உள்ளே இருந்தவனுக்குக் கேட்கவில்லை. அந்தக் கண்ணாடி கனமானது. அவன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல்முறையாகத் தொகாஷியை நிதானமாகப் பார்த்தான்.  வழியும் கண். ரத்தம் ஒட்டிய பொத்தான். வியாபாரி பார்க்கும் பார்வை. முப்பது வருடம் அவரே பார்த்த பார்வை. அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும்.

இவன் இன்னும் ஏறுவான்.

பின்னால், ஷிஹோ தலையை அசைத்தாள்.

உள்ளே இருந்தவன் லேசாகச் சிரித்தான். கையைத் தூக்கினான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான்.