கடைசிப் பெட்டி

அடுப்புக்குப் பின்னால், மதிலில் பதிந்திருந்த ஓக் மரக்கட்டை வெதுவெதுப்பாக இருந்தது. அடுப்பில் நெருப்பே இல்லை. நேதா மறுபடி தொட்டுப் பார்த்தாள். பனி கொட்டும் அந்த மாலையில், ஊர் மதிலோடு ஒட்டிக் கட்டிய குடிசையில், ஈர மண்ணும் பிசினும் கலந்த வாடைக்குள்ளே, கட்டைக்கு அந்தப் பக்கம் யாரோ நகத்தால் சுரண்டுகிற சத்தம் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது.

மதில் என்றால் கட்டைகளை அடுக்கிச் செய்த பெரிய பெட்டிகள், உள்ளே மண். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சேவலை அறுத்துக் காவு கொடுத்துவிட்டுத்தான் மண் கொட்டுவார்கள். குதிரைக்காரர்கள் படையெடுத்து வருகிறார்கள் என்று செய்தி வந்த அன்று, நேதாவின் குடிசையை ஒட்டிய கடைசிப் பெட்டியை மட்டும் சேவல் இல்லாமலே அவசரமாக மூடினார்கள். அன்றிலிருந்துதான் அவள் கணவன் ராதிமைக் காணவில்லை. பயந்து ஓடிவிட்டான் என்று ஊரே சிரித்தது. அவன் பெட்டிக்குள் விழுந்து புதைந்திருப்பான் என்றுதான் நேதாவுக்குத் தோன்றியது.

மதில் வேலைக்குத் தலைவரான வோயனைக் கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

"கேளுங்கண்ணே. என் புருஷன் உள்ள இருக்காரு."

வோயன் கட்டையில் காதை வைத்துக் கேட்டார். சுரண்டலோடு மூச்சு வாங்கும் சத்தமும் வந்தது. முகம் வெளிறியது.

"எலியா இருக்கும் புள்ள. ஒரு கட்டைய உருவினாலும் மதிலு சரிஞ்சிரும். வெளிய நிக்கிறவன் நம்மள உயிரோட விடுவானா?"

"எலி மூச்சு விடுறது இப்படியா கேக்கும்?"

அவர் விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

பாழாய்ப்போன மதில்! கட்டையை உருவ வேண்டாம், இரண்டு கட்டைகளுக்கு நடுவே அடைத்த களிமண்ணைத் தோண்டினால் போதும். கத்தியால் குத்தினாள். கத்தி ஒடிந்ததும் நகத்தால் பறித்தாள். விரல் கிழிந்தது. கை நுழைந்தது. மணிக்கட்டு. முழங்கை. சில்லென்ற மண். பிறகு விரல்கள்.

சூடான விரல்கள். அவை அவள் விரல்களைப் பற்றிக்கொண்டன.

"வந்துட்டேன்யா, வந்துட்டேன்" என்று தேம்பி அழுதாள்.

கதவு திறந்தது. தாடியெல்லாம் பனியோடு ராதிம் நின்றான்.

"நேதா... கடைசிப் பெட்டிக்குச் சேவல் தேடித்தான் காட்டுக்கு அந்தப் பக்கம் போனேன்டி. கெடைக்கல. இப்பத்தான் மதில ஏறிக் குதிச்சு வர முடிஞ்சுது. அங்க கைய விட்டு என்ன பண்ற?"

நேதா கையை இழுத்தாள். வரவில்லை. ராதிம் பாய்ந்துவந்து அவள் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தான். அவள் முன்னால் போனாள். தோள்வரை. கன்னம் கட்டையில் நசுங்கியது.

முழங்கைக்கு மேலே இன்னொரு கை பற்றியது. அதற்கும் மேலே இன்னொன்று.

பிறகு, விரல் நுனியில், ஒரு நாக்கு.