புனித ரோக்கின் வெளுத்த மூக்கு

காலை எட்டு மணி. சாரத்தில் ஏறிய ஒர்தென்சியா போட்ட அலறலில் கோயில் புறாக்கள் மொத்தமும் வெளியே பறந்தன.

தொஸ்கானாவில் எங்கள் ஊர் தேவாலயத்தில் ஐந்நூறு வருஷத்துச் சுவரோவியம். பழைய புகைக்கரியை எடுத்து அதை மீட்பதுதான் அவள் வேலை. நேற்று மாலை அழகாகச் சிவந்திருந்த புனித ரோக்கின் மூக்கு இன்று வெள்ளையாய்ப் பூத்திருந்தது. பதினொரு மணிக்குக் கலைத்துறை அதிகாரி வருகிறார். அவர் இதைப் பார்த்தால் ஒர்தென்சியாவை நம்பி இனி யாரும் ஒரு சுவரையும் கொடுக்கமாட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் பாந்தினி வந்தார். எங்கள் ஊரிலேயே நல்ல மூளை. அதைவிட நல்ல பசி. பாதிச் சாப்பாட்டில் எழுப்பிவிட்ட எரிச்சலோடு ஏணியில் ஏறினார். பலகையில் ரொட்டித் துணுக்குகள் கிடந்தன.

"என்னம்மா, சாரத்துலயே சாப்பாடா?"

"சாப்பாடு இல்ல சார். ரொட்டியோட உள்பக்கத்தைப் பிசைஞ்சு ஒத்துனா கரி ஒட்டிக்கிட்டு வந்துடும். நம்ம பேக்கரி ரொட்டிதான். ஆனா நேத்து நான் பெருக்கிட்டுத்தான் இறங்குனேன்."

பாந்தினி ஒரு துணுக்கை வாயில் போட்டார். புருவம் உயர்ந்தது. மிச்சத்தையும் போட்டுக்கொண்டார்.

"சாவி யார்கிட்ட?"

"என்கிட்டயும் சாமியார்கிட்டயும்," என்றார் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை நெல்லோ. "நேத்து சாயங்காலம் நான் மக வீட்டுக்குப் போயிட்டேன். சாமியார்தான் பஸ்ல வந்த பார்சலை வாங்கிட்டு இங்கயே இருந்தாரு. அவங்கம்மா அனுப்புறது. நம்ம ஊர்ச் சாப்பாடு அவருக்கு இறங்காதே!"

பங்குச் சாமியார் கோசிமோ தெற்கேயிருந்து மாற்றலாகி வந்தவர். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. சுவத்துல ஈரமா இருக்கும்," என்றார் அவசரமாக.

"இருக்கும் ஃபாதர். ஆனா இந்த ரொட்டி இருக்கே, படுமட்டம். சுட்டவங்களுக்கு அடுப்பு பத்தவைக்கவே தெரியாது போல."

சாமியாரின் முகம் காதுவரை சிவந்தது. "யாரைச் சொல்றீங்க? எங்கம்மா ரொட்டிக்கு ஊரே வரிசையில நிக்கும்!"

ஒர்தென்சியாவும் நெல்லோவும் சாமியார் பக்கம் திரும்பினார்கள்.

"ருசி அபாரம் ஃபாதர், அதான் மாட்டிக்கிட்டீங்க," என்றார் பாந்தினி. "நம்ம தொஸ்கானாவுல எவனும் ரொட்டியில உப்புப் போடமாட்டான், நம்ம பேக்கரியும்தான். இது உப்பு ரொட்டி. உப்பு சுவத்துல இறங்கி, ஈரம் காஞ்சதும் மூக்குல பூத்துடுச்சு."

சாமியார் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். "உயரத்து மெழுகுவத்தியை ஏத்தக் கோலைத் தூக்குனேன், புனிதர் மூக்குல கரி பட்டுடுச்சு. இந்தப் பொண்ணு திட்டுமேன்னு பயம். இது செய்யுறதைப் பார்த்திருக்கேனே, நாமே தொடைச்சிடலாம்னு..."

"உப்பு ரொட்டியாலயா! சுவத்துக்கு விஷம் ஃபாதர் அது!" ஒர்தென்சியா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு மேலேறி, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். "ரொம்ப ஆழமா இறங்கல. சுத்தத் தண்ணியில நனைச்ச காகிதத்தை ஒட்டினா உறிஞ்சிடும்." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

பதினொரு மணிக்கு வந்த அதிகாரி அம்மாளிடம் சாமியாரே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். மற்றவர்கள் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் கேட்டே பழகியவர், சொல்வதற்குள் வியர்த்துப்போனார். அதிகாரி ஒர்தென்சியாவின் தோளைத் தட்டி, "வேலையைத் தொடர்ந்து பாரும்மா," என்றார். பிறகு பாந்தினியிடம் திரும்பினார்.

"அறிக்கையில சேர்க்கணும். அந்த ரொட்டித் துணுக்கு எங்க?"

பாந்தினி தொப்பையைத் தடவினார்.

"ஆதாரம் தீர்ந்துபோச்சு மேடம். ஃபாதர், பார்சல்ல மிச்சம் ஏதாவது இருக்கா?"