பால் வேண்டாமுங்க

“பால் வேண்டாமுங்க.”

ஸ்கூட்டியிலிருந்து கேனை இறக்கப் போன சிவரஞ்சனியின் கை பாதியில் நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். மரியஜோசப் அண்ணன் எப்போதும் நிற்கிற டீக்கடை அடுப்படியில் யாரோ ஒருவன்... சுருட்டிவிட்ட சட்டைக் கை, நெற்றியில் விழுந்த ஈரமுடி, அதற்குக் கீழே சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த இரண்டு கண்கள்.

“ஏனுங்க, அண்ணன் எங்க?”

“சேலத்துல இருக்கற மக ஊட்டுக்கே போயிட்டாருங்க. இனிக் கடை நான்தான் பாக்கறேன். பேரு மாதேஷ். ஊரு வெள்ளக்கடை.”

“நான் வாழவந்தி அங்கப்பன் பொண்ணுங்க. இந்தக் கடைக்கு எப்பவும் எங்க பால்தான். அப்பா மாட்டுக்கொட்டாயில வழுக்கி உளுந்துட்டாரு. அதான் நான் கொண்டாந்தேன். பத்து லிட்டர்.”

“ஒரு லிட்டர்கூட ஓடாதுங்க. இப்பல்லாம் யாரு பால் டீ கேக்கறா?”

அப்போதுதான் அவள் சுற்றிலும் பார்த்தாள். ஏரியை மூடிய பனிமூட்டம். பெஞ்சு நிறைய அவள் வயதுப் பிள்ளைகள். ஒவ்வொரு கையிலும் கண்ணாடி டம்ளர். எலுமிச்சை மிதக்கிற டீ, புதினா டீ, மிளகு டீ... இந்தக் குளிரில் ஒருத்தி ஐஸ் போட்ட டீயைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். எதிலும் ஒரு சொட்டுப் பால் இல்லை.

“எங்க பக்கம் எழவு ஊட்டுலதாங்க பாலில்லாத ‘வர டீ’ குடுப்பாங்க.”

“இவங்களப் பாத்தா எழவுக்கு வந்தவங்களாட்டவா தெரியுது?”

பெஞ்சு மொத்தமும் சிரித்தது. அவள் காது மடல் சுட்டது. என்ன திமிர் இவனுக்கு! கேனைத் திருப்பி வைத்துக்கொண்டு போய்விடலாம்தான்... ஆனால் வீட்டில் கட்டுப்போட்ட காலோடு உட்கார்ந்திருக்கும் அப்பாவிடம் என்ன சொல்வது? ஏற்கெனவே இரண்டு கடைகள் பாலைக் குறைத்துவிட்டன. அன்றெல்லாம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. “நம்ம பாலு தண்ணியா இருக்குதா சாமி?” என்று அவளிடம்தான் கேட்டார்.

மழை பிடித்துக்கொண்டது. கிளம்பவும் வழியில்லை. கூரை ஓரமாக ஒண்டி நின்றவளிடம் அவனே ஒரு டம்ளரை நீட்டினான்.

“குடிங்க. மழை விடறதுக்கு நேரமாகும்... கோவம் விடறதுக்கு அதுக்கு மேல ஆகுமாட்ட இருக்குது.”

சிரித்துவிடக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். வாங்கிக் குடித்தாள். இஞ்சியும் மிளகும் தொண்டையில் இறங்கின. வயிறு அமைதியாக இருந்தது.

அவளுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. பால்காரர் மகளுக்கு! காலையில் அம்மா முத்தாயி தரும் பால் டீயை வாங்கி, யாரும் பார்க்காதபோது கொல்லையில் ஊற்றிவிடுவாள். அப்பாவிடம் அதைச் சொல்வது அவரையே பிடிக்கவில்லை என்று சொல்வது போல அவளுக்கு. இத்தனை வருஷம் மறைத்ததை, பெயர் மட்டுமே தெரிந்த ஒருவன் டம்ளரில் ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டானே...

மழை விட்டது. அவள் கேனைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள், மறுபடி கேனைப் பார்த்தாள். அவள் முகத்தில் அவனுக்கு என்ன தெரிந்ததோ...

“சரிங்க, பத்தும் இறக்குங்க. எப்படியாச்சும் ஓட்டிக்கலாம்” என்றான் மாதேஷ்.

மறுநாளும் இறக்கினாள். அதற்கு மறுநாளும். அவள் வரும் நேரத்துக்கு ஒரு வர டீ தயாராக இருந்தது.

“இன்னிக்கு எழவு டீ வேணுங்களா, வேண்டாமுங்களா?”

“குடுத்துத் தொலைங்க.”

“தொலைச்சா எங்க போயித் தேடறது?”

பேச்சு அவ்வளவுதான். அதற்கே திரும்பும் வழியில் சில்வர் ஓக் மரங்களெல்லாம் தன்னைப் பார்த்துச் சிரிப்பது போல இருந்தது அவளுக்கு. கூடவே ஒரு பயமும் வந்தது. பாலை என்ன செய்கிறான் இவன்? கேட்க நாக்கு வரை வரும். கேட்டால் நின்றுவிடுமோ... பால் நிற்கும், பிறகு எதற்கு வருவாள்? கேட்காமல் விழுங்கிக்கொண்டாள்.

அப்பாவுக்குக் கால் தேறியது. ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிக் கடைக்குப் போய் வந்தார். வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“கேனு தெறக்காம அப்படியே கெடக்குது. ஒரு மனுசன் பால் டீ குடிக்கல. கேட்டா ஊட்டுக்கு எடுத்துட்டுப் போறானாம். எதுக்குடா வாங்கறேன்னா, பேச்சில்ல. எனக்குப் பிச்சை போடறானா அவன்? நாளையிலருந்து அந்தக் கடைக்குப் பாலு கெடையாது. நீயும் போகவேண்டியதில்ல கண்ணு.”

அன்றிரவு அவளுக்குத் தூக்கமில்லை. அப்பாவின் சொல் முள்ளாகத் தைத்தது. பிச்சை... அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்துத்தானே வாங்கினான்? அப்படியானால் தினமும் நீட்டிய டம்ளர்? அந்தச் சிரிப்பு? பாவம், பால்காரர் பெண் என்று நினைத்திருப்பானோ? தான் மட்டும் என்னென்னவோ நினைத்துக்கொண்டு, தலை வாரி, பூ வைத்து, கண்ணாடி பார்த்து... ஐயோ. அது வெறும் இரக்கமாக இருந்தால் செத்துவிடலாம் போல இருந்தது. தெரியாமலே இருந்துவிடலாமா என்றும் இருந்தது.

விடிந்ததும் ஸ்கூட்டி சாவியை எடுத்தாள். அப்பா வாசலில் நின்றார்.

“பாலில்லாம எங்க கெளம்பிட்ட?”

“ஏரிக்கடைக்குங்கப்பா. அங்க பாலு தேவையில்லைன்னு எனக்கு மொதல் நாளே தெரியுமுங்கப்பா. அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு. நீங்க வருத்தப்படுவீங்கன்னு நான்தான் மறைச்சேன். அப்பறம்... எனக்கும் பாலு சேராதுங்க. சின்னதுலருந்தே.”

அங்கப்பன் அவளையே பார்த்தார். கோபமா, வலியா, அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“எத்தன நாளு வயித்து வலின்னு படுத்திருப்ப... நானே வேற பாலச் சுண்டக் காய்ச்சிக் குடுத்தேனே சாமி.” தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இப்ப எதுக்கு அங்க போற?”

“அவருகிட்ட ஒண்ணு கேக்கோணுமுங்க.”

அவர் வானத்தைப் பார்த்தார்.

“தூறல் போடுது. ஸ்வெட்டரப் போட்டுட்டுப் போ.”

கேன் இல்லாத ஸ்கூட்டி இலேசாக இருந்தது. அந்த இலேசே பயமாக இருந்தது. இதுவரை கேட்டால் சொல்ல ஒரு காரணம் இருந்தது. இன்றைக்கு எதைக் காட்டி நிற்பது? வளைவுக்கு வளைவு திரும்பிவிடலாம் என்று தோன்றியது. திரும்பாமலே ஏரிக்கு வந்துவிட்டாள்.

கடையில் கூட்டமில்லை. மாதேஷ் பார்த்தான். அவன் கண்கள் அவளைப் பார்த்தன, வண்டியில் கேன் இருக்கும் இடத்தைப் பார்த்தன, மறுபடி அவளிடம் வந்து தரையில் விழுந்தன.

“உங்கப்பா கேட்டப்போ வாய் தெறக்க முடியலீங்க. தப்பா நெனச்சுக்கிட்டாருங்களா?”

“அவர விடுங்க. பாவம்னு நெனச்சா எங்ககிட்டப் பால் வாங்கினீங்க?”

“பாவமா?” அவன் திகைத்தான். “பாவம்னா எங்கம்மாதாங்க. தெனமும் கேனு கேனா கொண்டு போயி எறக்கினா, பாவம் என்ன பண்ணும்? தயிர், மோரு, நெய்யி... எங்க தெருவுல யாரு ஊட்டுக்குப் போனாலும் மோர்க்குழம்புதான். ‘அடேய், உனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சா’ன்னு அம்மா கேக்குது.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது.

“அப்பறம் எதுக்குங்க வாங்கினீங்க?”

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அணைக்கத் தோன்றாமல் நின்றான். கூரையிலிருந்து மழை நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது.

“பாலு வேண்டாம்னு சொல்லிட்டா... நீங்க வர மாட்டீங்களே.”

ராத்திரியெல்லாம் நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் எங்கே போனது என்று தெரியவில்லை. அவள் நிமிர்ந்தாள். முதல்முறையாக, அவன் கண்களைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“கேனு கொண்டு வரலீங்க... நான் மட்டுந்தான் வந்திருக்கேன்.”